போர்பந்தரில் நமத்துப்போன சரவெடி

துவாரகைக்குத் தரிசனத்துக்குப் போகிறோம் என்றுதான் தெருவில் சொல்லியிருந்தோம். என் மாமியாரும் அதை நம்பினார், அல்லது நம்பியதுபோல இருந்துகொண்டார். உண்மையில் கார் டிக்கியில் துணிமணியைவிட வெடிதான் அதிகம். வெடியை ரயிலில் கொண்டுபோக முடியாது. அதனால்தான் சிவகாசியிலிருந்து சௌராஷ்டிரம் வரைக்கும் அந்தப் பழைய காரிலேயே போவதென்று முடிவானது. அறுபதுகளின் தொடக்கம் அது. ஒரு புருசனும் பெண்டாட்டியும் தனியாகக் காரில் அத்தனை தூரம் போவதை எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்படட்டும் என்று நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மாமனாருக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி. மகன் சிவகாசிப் பக்கம் பொட்டல் காட்டில் செட்டுப் போட்டுப் பட்டாசுக் கம்பெனி நடத்துவது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. இரண்டு தீபாவளி போயும் வடக்கே எங்கள் சரக்கு ஒரு கடையிலும் ஏறவில்லை. கிளம்புவதற்கு முன்னால் மகனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“வடக்க ஒரு நல்ல ஆர்டர் பிடிச்சிட்டு வா, கம்பெனிய நடத்து. இல்லையா, செட்ட ஒப்படைச்சிட்டு மண்டியில வந்து உக்காரு. அம்புட்டுத்தான்.”

என் வீட்டுக்காரருக்காவது மண்டி. எனக்கு என்ன? கூட்டுக் குடும்பத்து அடுப்படி. சிவகாசியில் லேபிளுக்குப் படம் தேர்ந்தெடுத்தது நான். வடக்கத்திக் கடைக்காரர்களுக்கு இந்தியில் பதில் எழுதியது நான். பேக்கிங் செட்டில் நின்று சத்தம் போட்டதும் நான்தான். அதையெல்லாம் விட்டுவிட்டு, விருதுநகர் வீட்டில் பந்தி பந்தியாக இலை போட்டுக்கொண்டு காலம் தள்ளுவதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆக, அந்தப் பயணத்தில் ஆர்டர் வேண்டியது அவரைவிட எனக்குத்தான்.

என் இந்தி, பரீட்சைக்குப் படித்த இந்தி. வாயைத் திறந்தால் பாடப்புத்தகம் பேசுவதுபோல இருக்கும். ஆனால் என் வீட்டுக்காரருக்கு அதுகூடக் கிடையாது. ‘அச்சா’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்தியா முழுக்க வியாபாரம் பண்ணிவிடலாம் என்று இருந்தார். அதனால்தான் என்னைக் கூட்டிப்போக மாமனாரும் சம்மதித்தார்.

பாவ்நகரைத் தாண்டியதும் கரிசல் காடு. பருத்தி எடுத்து முடிந்த வெறுஞ்செடிகள் காய்ந்து நின்றன. அவர் காரை நிறுத்தி இறங்கி ஒரு கை மண்ணை அள்ளிப் பார்த்தார்.

“ஏளா, இங்கன பாரு. நம்ம மல்லாங்கிணத்து மண்ணால்ல இருக்கு!”

“மண்ணப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக? வண்டிய எடுங்க.”

அப்புறம் கடல் வந்தது. எனக்குத் தெரிந்த கடல் திருச்செந்தூர்க் கடல். மணலும் கூட்டமுமாக இருக்கும். இது அப்படி இல்லை. ஆலங்குளத்துப் பக்கம் வெட்டி எடுப்பார்களே, அந்தச் சுண்ணாம்புக்கல், அதுவே கரை முழுக்கப் பாறையாக நின்றது. அலை வந்து வந்து அடியில் குடைந்து, மேலே பாறை கூரைபோல நீட்டிக்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் உள்ளே போய் மோதுகிற சத்தம் காருக்குள் கேட்டது. சாலை என்று பெயர்தான். பாதி இடத்தில் மாட்டு வண்டித் தடம், மீதி இடத்தில் சரளைக்கல். கள்ளிக்காட்டைத் தாண்டி ஒட்டகங்கள் வரிசையாகப் போயின. வெள்ளை முண்டாசு கட்டிய ஆட்கள் எங்கள் வண்டியை வேடிக்கை பார்த்தார்கள், நாங்கள் அவர்களை வேடிக்கை பார்த்தோம். கடல் இடது பக்கம், அதாவது என் பக்கம். அவருக்குச் சாலை, எனக்குக் கடல். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை என்று இப்போதும் கூசாமல் சொல்வேன்.

சாயங்காலமானால் ஏதாவது ஒரு சத்திரத்தில் தங்குவோம். தங்கினதும் முதல் வேலை, மாதிரி வெடிப் பெட்டியை இறக்கி, கட்டடத்தை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் வைத்து, மேலே சாக்கைப் போர்த்துவது. யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை தானாகப் போகும். வெடி இருக்கிற கூரைக்குக் கீழே நாங்கள் படுக்க மாட்டோம். பெட்டி கண்ணில் படுகிற மாதிரி அவர் காரை நிறுத்தி அதிலேயே படுத்துக்கொள்வார். காலையில் சாக்கு ஈரமாக இருக்கும். உதறி மடித்து வைத்துவிட்டுக் கிளம்புவோம். ஈரம் என்றால் என்ன என்று யோசிக்க எங்களுக்குப் பழக்கமில்லை. சிவகாசியில் மழை வந்தாலே அதிசயம், மாசி மாதத்தில் பனி எங்கே, உப்புக்காற்று எங்கே.

மகுவாவில் ஒரு வியாபாரி சரக்கைப் பிரிக்கவே விடவில்லை, வேறு கம்பெனியோடு பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். வேராவலில் டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது போர்பந்தரில் ஒரு பெரிய வியாபாரி. அந்தக் கரை முழுக்கச் சின்னக் கடைகளுக்கெல்லாம் அவரிடமிருந்துதான் சரக்குப் போகும். அவர் வேண்டாம் என்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வியாபாரி மரியாதையானவர்தான். வெயில் இறங்கினதும் தன் வீட்டு வாசலிலேயே வெடித்துக் காட்டச் சொன்னார். அண்டை வீட்டார், பிள்ளைகள் என்று நல்ல கூட்டம். என் வீட்டுக்காரர் சரவெடியை நீளமாக விரித்துப் பற்றவைத்தார். திரி கொஞ்சம் சீறியது, புகைந்தது, நின்றுவிட்டது. இன்னொன்று. அதுவும் புஸ். சங்குசக்கரம் அரைச் சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். ஐயோ, அந்தச் சிரிப்பு! இவர் முகம் செத்துப்போயிற்று. நான் போய்த் திரியைத் தொட்டுப் பார்த்தேன். அப்பளம் மாதிரி நமத்துப்போயிருந்தது.

நான் என் பாடப்புத்தக இந்தியில் நிமிர்ந்து நின்றே சொன்னேன். சரக்கில் குறை இல்லை, வழி முழுக்க வெளியில் வைத்ததில் ஈரம் ஏறிவிட்டது என்று.

“வெளியில் ஏன் வைத்தீர்கள்? சத்திரத்தில் அறை கொடுக்கவில்லையா?” என்றார் வியாபாரி.

“எங்கள் ஊரில் வெடியோடு ஒரே கூரையில் ஆள் படுப்பதில்லை.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இப்படிப் பயந்தவர்கள் எப்படி வெடி வியாபாரம் செய்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே, தன் சரக்கறையைக் காட்டுவதற்கு எங்களை வீட்டுக்குள் கூட்டிப்போனார். கீழ்த்தளத்தில் ஓர் அறை. போன தீபாவளிக்கு விற்காத வெடிப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. நடுவில் ஆணியில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேலே பலகைத் தளத்தில் தடதடவென்று ஓடுகிற சத்தம்.

“மேலே யார்?” என்றேன்.

“பேரப்பிள்ளைகள். அங்கேதான் படுப்பார்கள்.”

எனக்கு இந்தியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. விளக்கைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு வந்து ஊதி அணைத்தேன். பின்னாலேயே வந்தவரைப் பார்த்து எங்கள் ஊர்த் தமிழில் கத்தினேன்.

“ஏன்யா, உமக்குக் கிறுக்கா? புள்ளைகள மேல படுக்கப் போட்டுட்டு கீழ வெளக்க வச்சிருக்கீரே! எங்க ஊர்ல வந்து பாரும், தீப்பிடிச்ச செட்டுல பெத்த தாய் பிள்ளைய அடையாளம் தெரியாமத் தேடுனத நான் கண்ணால பாத்திருக்கேன்யா!”

அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“ஏளா, வாய மூடு. வர்ற ஆர்டரும் போயிரும்.”

“போனாப் போகட்டும். நீங்க மண்டியில உக்காருங்க, நான் அடுப்படியில கெடக்கேன். இத இப்படியே விட்டுட்டு என்னால வர முடியாது.”

சொன்னது என்ன என்று எனக்குத் தெரிந்துதான் சொன்னேன். வியாபாரிக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் மாடிப்படியில் நின்றிருந்த அவர் மனைவிக்கு என் அழுகையையும் கையிலிருந்த விளக்கையும் பார்த்தே எல்லாம் புரிந்துவிட்டது. அந்த அம்மாள் மேலே போய்த் தூங்கிக்கொண்டிருந்த கடைக்குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மற்ற பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆர்டர் கைவிட்டுப் போயிற்று என்றுதான் நாங்கள் சத்திரத்துக்குத் திரும்பினோம். இவர் என்னைத் திட்டவில்லை. “நீ சொன்னது சரிதான்” என்று மட்டும் சொன்னார்.

காலையில் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது வியாபாரி வந்து நின்றார். விடியற்காலையிலேயே பெட்டிகளையெல்லாம் வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே தன் தோட்டத்துக் கல் கொட்டகைக்கு அனுப்பிவிட்டாராம். அனுப்புகிறவரைக்கும் வீட்டுக்குள் காலை வைக்க மாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாராம்.

“பிறந்ததிலிருந்து கடற்கரையில் இருக்கிறேன். ஈரமான வெடி காய்ந்தால் வெடிக்கும் என்று எனக்குத் தெரியாதா?” என்றார் இந்தியில், எனக்காக நிறுத்தி நிறுத்தி. “மெழுகுத்தாள் சுற்றி அனுப்புவீர்களா?”

“சுற்றி, தகரம் அடித்த பெட்டியில் அனுப்புவோம்” என்றேன்.

அந்தக் கரை முழுக்க வேண்டிய சரக்குக்கும் ஆர்டர் கொடுத்தார். இவர் ‘அச்சா, அச்சா’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றத் துவாரகைக்கும் போனோம். அதைத் தாண்டி, நிலம் முடிகிற ஓகா வரைக்கும் காரை விட்டோம். மூன்று பக்கமும் தண்ணீர், காற்று ஆளைத் தள்ளியது. நான் முந்தானையைப் பிடிக்கவே இல்லை, பறக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

விருதுநகர் வீட்டு வாசலில் கார் நின்றபோது மாமனார் மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மகனைப் பார்க்கவில்லை, நேரே என்னைத்தான் கேட்டார்.

“என்னம்மா, நம்ம வெடி அங்க நல்லா வெடிச்சதா?”

“ஒண்ணுகூட வெடிக்கல மாமா. ஆர்டர் மட்டும் கெடச்சிருச்சு.”

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நின்றே கேட்டார். அப்புறம் மகனிடம் திரும்பினார்.

“செட்டு ஒன்னோடது. அடுத்த சீசனுக்கும் வடக்க போகும்போது இவளக் கூட்டிட்டுப் போ. இவ இல்லாம நீ போகாத.”