பாவுக்கு அடியில் ஓடு

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள்: தறிப் பக்கத்தில் நான், சமையலறையில் என் மனைவி, ஆறு வயது மகள், நாலு வயது மகன், அடுப்பின் மேல் துவரம்பருப்போடு ஒரு குக்கர். குக்கரை ஏன் ஆள் கணக்கில் சேர்க்கிறேன் என்றால், அன்றைய கூத்தை முடித்துவைத்தது அதுதான்.

எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். எட்டாவதோடு படிப்பு நின்றது, பயம் நிற்கவில்லை. எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். பின்னால் சமையலறை, கேஸ் சிலிண்டர். முன்னால் வாசல். நடுவில் தறி. நெய்வதற்கு இழுத்துக் கட்டிய பட்டு இழைகள், அதுதான் பாவு, கூடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும். சிலிண்டர் பற்றிக்கொண்டால் பிள்ளைகள் எப்படி வெளியே வரும்? இந்த நினைப்பு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் ஒத்திகை. நான் கரண்டியால் ஒரு தட்டை அடிப்பேன். இரண்டு பேரும் எதையும் எடுக்காமல், பாவுக்கு அடியில் குனிந்து ஓடி, எதிரே வேப்பமரத்தடியில் போய் நிற்க வேண்டும்.

அடித்தேன். புயல் மாதிரி வந்தார்கள். பாவைக் கண்டதும் நின்றார்கள். மகள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி, நண்டு மாதிரி நகர்ந்தாள்.

“தீ எரியுதும்மா! அடியில பூந்து ஓடு!”

“பாவு கிட்ட வந்தா தோலை உரிச்சிடுவேன்னு நீதான நைனா சொன்ன?”

வாஸ்தவம்தான். நடக்கப் பழகிய நாளிலிருந்து அதைத்தான் சொல்லி வளர்த்தேன். மறுபடி அடித்தேன். இந்த முறை குனிந்தார்கள். ஆனால் என் வாய் சும்மா இருந்தால்தானே? “பாத்து, பாவு!” இரண்டும் சிலையாகிவிட்டன. அடுத்த முறையும் அதே கதை.

மனைவி கூடத்துக்கே வந்துவிட்டாள். “ஓடச் சொல்லிக்கினே குறுக்க நிக்கிறீங்களே! முதல்ல அந்த வாயைக் கட்டுங்க.”

கட்டினேன். துண்டை எடுத்து வாயைச் சுற்றி இறுக்கினேன்.

“நைனா திருடன்! நைனா திருடன்!” பிள்ளைகள் தரையில் உருண்டன. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் துண்டுக்குள்ளேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் சமையலறையில் டமார் என்று ஒரு சத்தம். புகை மாதிரி ஆவி.

பிள்ளைகள் என்னைப் பார்த்தன. துண்டைக் கீழே இழுத்தேன். வாயில் என்ன வருமோ, எனக்கே தெரியாது.

“ஓடு!” என்று வந்தது.

மகள் தம்பி கையைப் பிடித்து அடியில் பூந்தாள். அவன் குனியவில்லை. பாவின் ஓரத்தைத் தலையாலேயே முட்டி அறுத்துக்கொண்டு போனான். பட்டு இழை அறுந்ததற்கு நான் குதித்துக் கைதட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

குக்கர் வால்வுதான் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மனைவி வந்தாள். மேலேயிருந்து சொட்டிய பருப்பு அவள் தலையெல்லாம். வேப்பமரத்தடியில் மகன், காதில் பட்டு இழை தொங்க, “நைனா, இன்னொரு வாட்டி?” என்றான்.

அறுந்த இழைகளைப் பிணைக்க மறுநாள் ஒரு அக்கா வந்தார்.

“தீயே வரலையேப்பா, அதுக்குள்ள பாவு போச்சே!”

“பசங்க வெளிய வந்துட்டாங்களேக்கா!”

கூலி அறுநூறு. கையில் இருந்த இருநூறைக் கொடுத்தேன். பாக்கி நானூறு ரூபாய்.