பெரிய கம்பெனியா, சின்ன கம்பெனியா?

போன வியாழக்கிழமை காலை அவனியாபுரத்திலிருந்து என் தங்கை தேன்மொழி போன் செய்தாள். எடுத்ததுமே அழுகை.

“அக்கா, டிவியப் போடு... கயலு இருக்கிற ஊர்ல ஃபேக்டரி தீப்புடிச்சு எரியுதாம்!”

கயல்விழி அவள் மகள். கெமிக்கல் இன்ஜினியர். வளைகுடா நாடு ஒன்றில், இயற்கை எரிவாயுவை டீசலாக மாற்றும் கம்பெனியில் வேலை. அந்த ஊரில் அப்படி இரண்டு ஆலைகள். எரிவது எது? செய்தியில் பெயரில்லை. புகையை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

ஷேர் ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் கயலுக்குப் போன் அடித்தேன். சுவிட்ச்டு ஆஃப்.

போன வருடம் அந்த இரண்டு கம்பெனிகளிலிருந்துமே அவளுக்கு வேலைக்கான ஆர்டர் வந்தது. குடும்பமே உட்கார்ந்து ஒப்பிட்டோம் — மாப்பிள்ளை பார்ப்பது போல! ஒன்று பெரியது, நல்ல சம்பளம், ஏசி குவார்ட்டர்ஸ், ஊருக்கு வர பிளேன் டிக்கெட். இன்னொன்று சின்னது, புதுசு. எங்கள் ஓட்டெல்லாம் பெரியதுக்குத்தான். அவளோ, “அங்க ஒரே ஒரு யூனிட்ட மட்டும் பாத்துக்கிட்டு இருக்கணும் பெரியம்மா. இங்கன்னா கேஸ் உள்ள வர்றதுல இருந்து டீசல் வெளிய போற வரைக்கும் கத்துக்கலாம்” என்று சின்னதில் சேர்ந்துவிட்டாள். அதற்காக மகளோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள் தேன்மொழி. இப்போது டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து, வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மதியம், தெரியாத நம்பரிலிருந்து தேன்மொழிக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, நாந்தான். எனக்கு ஒண்ணுமில்ல. எரிஞ்சது அந்தப் பெரிய கம்பெனி. பக்கத்துலங்கிறதால எங்களையும் வெளிய அனுப்பிட்டாங்க. ஆஃப் பண்ணி லாக்கர்ல வெச்ச என் போன் அங்கயே மாட்டிக்கிச்சு.”

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. தேன்மொழி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

“நல்லவேளை தாயி, நீ அந்தக் கம்பெனில சேரல!”

“அப்படிச் சொல்லாதம்மா. அங்க ஒருத்தருக்கும் காயம்கூட இல்ல. தீப்பிடிச்சா எப்படி வெளிய வரணும்னு டிரில்லு விடாம நடத்துவாங்க... சைரன் அடிச்சதும் அம்புட்டுப் பேரும் கேட்டுக்கு வெளிய வந்துட்டாங்க. எங்க ஆளுங்கதான் பேக்க எடுக்கணும், பர்ஸ எடுக்கணும்னு நின்னாங்க. நாந்தான் கத்தி வெரட்டுனேன்.”

“நீ பேக்க எடுத்தியா?”

“இல்லம்மா.”

“அது போதும்.”

சம்பளம் கேட்டோம், லீவு கேட்டோம், சாப்பாடுகூடக் கேட்டோம். தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவீர்கள் என்று எங்களில் ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா? வேலையில் மட்டுமா இப்படி? வீடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி... எதைப் பார்க்கப் போனாலும் உள்ளே போகிற வாசலின் அழகைத்தானே பார்க்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமை பழங்காநத்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் பின்வாசலைத் தேடிப் போனேன். கதவை மறைத்து பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். மேனேஜரைக் கூப்பிட்டு, எடுக்கச் சொன்னேன். ஆள் மிரண்டுவிட்டார்.

“நீங்க ஃபயர் சர்வீஸாக்கா?”

“இல்ல தம்பி... ஒரு பொண்ணுக்குப் பெரியம்மா.”