மாயாண்டி அண்ணன் கூவிய குதிரைகள்

மாயாண்டி அண்ணனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்கக் குதிரை இங்கிலீஷ். கடையில் ஒரு சாமான் கேட்டு வாங்கத் தெரியாது. ஆனால் எந்தக் குதிரை வேலியோரமாக வருகிறது, எது கடைசி வளைவில் மூச்சு வாங்குகிறது, எது மூக்கு நுனியில் ஜெயித்தது என்பதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை பங்களாவில் புல் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் சனிக்கிழமை தவறாமல் துரை ரேடியோவை அலறவிட்டு ரேஸ் கேட்பாராம். ஜன்னலுக்குக் கீழே பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் இவரும் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டது அது.

துரை சீமைக்குப் போனார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். மாயாண்டி அண்ணனும் ராக்காயி அக்காவும் ஒரு தகரப் பெட்டியோடு ஈப்போ புந்தோங்குக்கு வந்து, எங்கள் வரிசையிலேயே வீடு பிடித்தார்கள். பலகை ஆலையில் சுமை தூக்குகிற வேலை. அதற்கும் வருஷா வருஷம் பெர்மிட் எடுக்க வேண்டும். ஏனென்றால் அவர் கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு ஐசி, அடையாளக் கார்டு. குடிமக்களுக்கு நீலம். இந்த மலாயா மண்ணில் பிறந்தவர்தான். பிறப்புப் பத்திரம் எடுத்து வை என்று அவர் அப்பனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிறந்த ஊரிலேயே ஒரு மனுஷன் விருந்தாளியாக இருக்கிற கொடுமையை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

சூதாட்டம் குடியைக் கெடுக்கும் என்று எனக்குப் பாடம் எடுக்க வராதீர்கள். கெட்ட குடிகளை நான் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன். நான் சொல்ல வந்தது மாயாண்டி அண்ணனின் குரலைப் பற்றி. எழுபதுகளில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், குதிரைப் பந்தயச் சீட்டு விற்கிற கவுண்டர் இருந்தது. ரேஸ் எந்த ஊரில் ஓடினாலும் இங்கேயே சீட்டு எடுக்கலாம். எதிரே நாகூர் மீரான் சாப்பாட்டுக் கடை. சீட்டு எடுத்தவர்கள் எல்லாம் அங்கே வந்து ரேடியோவுக்கு முன்னால் குந்திக்கொள்வார்கள். பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள், ரேடியோவில் அந்த மனிதர் மூச்சுவிடாமல் பேசுகிற இங்கிலீஷ் ஒரு சொல்லும் விளங்காது. அப்போதுதான் மாயாண்டி அண்ணன் ஒரு முக்காலி மேல் ஏறுவார். கண்ணை மூடி, ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ரேடியோ சொல்லச் சொல்லத் தமிழில் கூவுவார்.

குதிரைகளின் பெயர் நம் வாயில் நுழையாது. அதனால் அவரே பெயர் வைத்தார். முன்னாலேயே ஓடி மற்றவற்றை விரட்டுகிறது கங்காணி. தலையை ஆட்டி ஆட்டி வருகிற பெட்டைக் குதிரை மினுக்கி. எப்போதும் கடைசியில் வருகிற ஒன்றுக்குச் சப்பாணி.

"கங்காணி முன்னால போறான்... மினுக்கி ஒட்டிக்கிட்டே வாரா... சப்பாணி எங்கடா? சப்பாணி தூங்குறான்! வளைவு, வளைவு... கங்காணிக்கு மூச்சு வாங்குது, மினுக்கி வெளிய வாரா... வந்தாச்சு, வந்தாச்சு, வீட்டுக்கு வந்தாச்சு!"

ஜெயித்த குதிரைக்கு அந்தக் கடைசிச் சொல். அதைக் கேட்கத்தான் பாரிட் புந்தாரிலிருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி வருவார்கள். பலகை ஆலையில் வாரம் முழுக்க அவரை 'ஹோய்' என்றுதான் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் அவர் மாயாண்டி. ராக்காயி அக்காவுக்கு அந்தக் கூவல் ஆகவே ஆகாது. வீட்டில் அவர் சும்மா முனகிப் பார்த்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொள்வார்.

எங்கள் கூட்டத்தில் சின்னையா என்று ஒருவன். எனக்கு மச்சான் முறை. நகரசபையில் குப்பை லோரி ஓட்டினான். லோரி ஓட்டும்போதெல்லாம் மாயாண்டி அண்ணன் மாதிரியே கூவிக்கொண்டு போவான். "ஒங்களவிட நான்தான் நல்லா கூவுறேன்லா அண்ணே" என்று வம்புக்கு இழுப்பான். "இது ஒரு குரலாடா? தகரத்தத் தார் ரோட்டுல இழுக்குற மாதிரி இருக்கு" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் ரேடியோவில் ரேஸ் சொல்வது நின்றது. கொஞ்ச நாளில் கவுண்டரையும் மூடிவிட்டார்கள். இளவட்டங்கள் நாலு நம்பர் லாட்டரி எடுக்கப் போய்விட்டார்கள். அதற்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை, கனவு வந்தால் போதும். மிச்சமிருந்த பழைய ஆட்களைக் கள்ளத்தனமாகப் பந்தயம் பிடிக்கிற ஒரு சீன முதலாளி, தவுக்கே, சேர்த்துக்கொண்டார். அதே சந்தில் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை, ஒரு டெலிபோன். ரேஸ் நடக்கிற இடத்திலிருந்து அவருடைய ஆள் டெலிபோனில் ஓட்டத்தைச் சொல்வான். மாயாண்டி அண்ணன் அதைக் காதில் வைத்துக்கொண்டு எங்களுக்குக் கூவுவார். அவர் கூவாவிட்டால் எங்கள் ஆட்கள் பந்தயம் கட்டமாட்டார்கள் என்பது தவுக்கேவுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய குடியுரிமை மனு கைகூடி வந்தது. எத்தனையோ வருஷம் நடையாய் நடந்தது. மலாய்ப் பரீட்சையிலும் தேறிவிட்டார். இரண்டு மாதம் கழித்து வந்து சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் போலீசில் பெயர் விழுந்தால் எல்லாம் போச்சு. மனு போகும், பெர்மிட் போகும், அதோடு வேலையும் போகும். எழுபதில் இப்படிப் பெர்மிட் போய் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினவர்களை நாங்கள் பினாங்கு வரை போய் வழியனுப்பியிருக்கிறோம். சின்னையாவின் அக்காவும் அதில் ஒருத்தி.

"இந்தாங்க, அந்த மாடிப் படிய மிதிச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றார் ராக்காயி அக்கா. அவரும் தலையாட்டினார். மூன்று சனிக்கிழமை வீட்டிலேயே கிடந்தார். நாலாவது சனிக்கிழமை, இன்றோடு கடையைக் கட்டுகிறேன் என்று தவுக்கே சொல்லி அனுப்பினார். இனிமேல் கூவுவதற்கு ஓட்டமே இல்லை. மாயாண்டி அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, பலகை ஆலைக்குப் போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். கீழே அவரைப் பார்த்த நாகூர் மீரான், "வேணாம் அண்ணே, வாசல்ல தெரியாத மொகமா ரெண்டு நிக்கிது" என்று கையைப் பிடித்தார். "ஒரே ஒரு ஓட்டம், ராவுத்தரே" என்று கையை விடுவித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார். நானும் அவர் பின்னாலேயே ஏறினேன்.

அன்றைக்குக் கூவியது மாதிரி அவர் என்றுமே கூவியதில்லை. மினுக்கி கடைசி வளைவைத் தாண்டியபோது கீழே தடதடவென்று பூட்ஸ் சத்தம். தவுக்கே சீட்டுகளை அள்ளிக்கொண்டு பின்பக்க ஜன்னல் வழியாகக் கூரையில் இறங்கி ஓடிவிட்டார். மாயாண்டி அண்ணனுக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு "வந்தாச்சு, வந்தாச்சு" என்று கூவிக்கொண்டிருந்தார். சின்னையாதான் அவர் இடுப்பைப் பிடித்து முக்காலியிலிருந்து இழுத்துச் சுவரோரம் எங்களுக்கு நடுவில் தள்ளினான். டெலிபோன் கயிற்றில் தொங்கி ஆடியது. கதவு உடைந்தது.

வந்த போலீஸ் சார்ஜன் தமிழர். கூவினது அவருக்குப் புரிந்திருக்கும், அதுதான் வம்பு. அறை முழுக்கத் தேடியும் ஒரு சீட்டும் கிடைக்கவில்லை. தொங்குகிற டெலிபோனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"பந்தயம் கட்டுனவங்கள எனக்கு வேணாம். ஏசிட்டு விட்டுருவேன். இங்க ஒருத்தன் கூவுனான், படியில நின்னு கேட்டேன். அவன்தான் பந்தயம் புடிக்கிற புக்கியோட ஆளு. அவன் முன்னால வரட்டும்."

யாரும் அசையவில்லை. மாயாண்டி அண்ணனின் தோள் என் தோளோடு ஒட்டியிருந்தது.

"சரி. ஒவ்வொருத்தனா கூவுங்க. அந்தக் கொரல எனக்குத் தெரியும்."

முதலில் எங்கள் கூட்டத்துப் பத்துமலை. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கங்காணி முன்னால போறான், மினுக்கி ஒட்டிக்கிட்டே வாரா" என்று ஆரம்பித்தான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியே மாயாண்டி அண்ணன். அடுத்த ஆளும் அப்படியே. பத்து வருஷம் கேட்ட கூவல், யாருக்குத்தான் வராது? சைக்கிள் மிதிக்கும்போதும் குளிக்கும்போதும் நாங்கள் எல்லோரும் கூவிப் பார்த்தவர்கள்தானே. என் முறை வந்தது. நானும் கூவினேன். எங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி கூவினால் அவரைக் கண்டுபிடிக்க முடியாது என்று ஆளாளுக்கு நினைத்தோம். சார்ஜன் முகம் சிவந்தது.

"வெளையாடுறீங்களா? ஐசிய எடுங்கடா எல்லாம்."

நீலக் கார்டுகளுக்கு நடுவே ஒரு சிவப்பு. அதை மட்டும் உருவி எடுத்து, "யாருது?" என்றார். மாயாண்டி அண்ணன் கையைத் தூக்கினார்.

"நீ கூவு."

அவர் வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. மறுபடி திறந்தார். "கங்... கங்காணி..." என்று கம்மிப்போய், பாதியில் நின்றுவிட்டது. நடிப்பு என்றுதான் நான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் அவரே சொன்னார்: "நடிக்கலடா பழனி. வரல. செத்துப்போச்சு."

சார்ஜன் அவருக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நின்றார். "இங்க நிக்கிற அத்தன பேருக்கும் கூவ வருது. ஒனக்கு மட்டும் ஏன் வரல?"

அப்போதுதான் நாங்கள் செய்த மடத்தனம் உறைத்தது. அவரை மறைக்கிறோம் என்று நினைத்து, நாங்களே அவரைத் தனியாக நிறுத்திவிட்டோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ராக்காயி அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன் என்றுதான் ஓடியது.

சுவரோரக் கடைசியில் நின்ற சின்னையா வரிசையை விட்டு வந்தான். முக்காலி மேல் ஏறினான். கண்ணை மூடி, காதைப் பொத்திக்கொண்டு, அன்றைய ஓட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை கூவினான். ஒரு குதிரை விடவில்லை. "வீட்டுக்கு வந்தாச்சு" என்று முடித்துக் கண்ணைத் திறந்தான்.

"நான்தான் சார். புக்கியோட ஆளு நான்தான். அவருக்குக் கூவத் தெரியாது, பாவம், பலகை தூக்குறவரு."

"சின்னையா!" என்றார் மாயாண்டி அண்ணன்.

"நீங்க சும்மா இருங்கண்ணே." முக்காலியிலிருந்து இறங்கும்போது, எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "ஒருத்தியக் கப்பல் ஏத்துனது போதும்லா."

சார்ஜன் அவனையும் சிவப்புக் கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன். கார்டை மாயாண்டி அண்ணன் சட்டைப் பையில் திணித்துவிட்டு, சின்னையாவுக்கு மட்டும் விலங்கு மாட்டினார்.

சின்னையா சில வாரம் உள்ளே இருந்தான். நகரசபை வேலை போனது. அது பென்ஷன் உள்ள வேலை. பிறகு கமுந்திங் ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றுகிற பஸ் ஓட்டினான். நடந்ததைக் கேட்ட ராக்காயி அக்கா புருஷனை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தினமும் ஒரு தூக்குச்சட்டி சோறு சின்னையா பெண்டாட்டிக்குப் போகும், அவ்வளவுதான்.

பிரமாணம் எடுக்கிற நாள் எல்லோரும் கவர்மென்ட் ஆபீசுக்குப் போனோம். உள்ளே அதிகாரி நீட்டிய தாளைப் பார்த்து மாயாண்டி அண்ணன் படிக்கத் தொடங்கினார். பயத்திலோ பழக்கத்திலோ கண்ணை மூடிக்கொண்டார். மனப்பாடம் செய்த மலாய் அவருடைய பழைய வேகத்தில் கொட்டியது. அதிகாரி சிரித்துக்கொண்டே கையைக் காட்டி நிறுத்தினார்.

"பெலான் பெலான், பாச்சே. இனி புக்கான் லும்பா குடா."

மெதுவாக ஐயா, இது குதிரை ரேஸ் இல்லை. பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாயாண்டி அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். பாவம், அந்த அதிகாரிக்கு ஒன்றும் தெரியாது, சும்மா சொன்னது. மறுபடி முதலிலிருந்து, எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி, ஒவ்வொரு சொல்லாகப் படித்து முடித்தார்.

வெளியே மரத்தடியில் சின்னையா நின்றிருந்தான். விடுதலையாகி இரண்டு மூன்று நாள்தான் இருக்கும், தாடிகூட எடுக்கவில்லை. மாயாண்டி அண்ணன் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வாய் திறந்தது, பேச்சு வரவில்லை.

"என்னாச்சுண்ணே? சொல்லுங்கலா. முடிஞ்சுச்சா இல்லையா?"

அவர் மறுபடி முயன்றார். கண்ணீர்தான் வந்தது. நான் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் ராக்காயி அக்கா முந்திக்கொண்டார். வாழ்நாள் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டவர், அத்தனை கவர்மென்ட் ஆட்களுக்கு நடுவே, அந்த வளாகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூவினார்.

"வந்தாச்சு சின்னையா! வீட்டுக்கு வந்தாச்சு!"