வரிசையில் நின்ற அழைப்பு

செல்வராணி அக்கா இறந்துவிட்டார் என்று வேன் டிரைவர் பாலன் போன் செய்தபோது, குன்னூரில் பல் டாக்டர் வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனிமேல் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்கிற நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் கூசுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் குரலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் கம்பெனியின் ஏழு எஸ்டேட்டுகளுக்கும் வயர்லெஸ் கன்ட்ரோல் ரூமில் ஆபரேட்டராக இருந்தவர் அவர். அந்த வயர்லெஸ்ஸுக்கு நான் டெக்னீஷியன். ட்ரங்கிங் முறை வந்த புதிதில் டிரைவர்களுக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். மேனேஜர், ஃபேக்டரி, டிஸ்பென்சரி என்று பேசும் குழுக்கள் பல, சேனல்கள் ஐந்தே, யாருக்கும் சொந்தச் சேனல் கிடையாது, காலியாக இருப்பதைக் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும் என்றெல்லாம் சொன்னேன். எல்லோரும் விழித்தார்கள். சிலோன் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்த அக்கா எழுந்தார்.

"லயத்துல அஞ்சு பைப்பு, அம்பது குடம். எது சும்மா கெடக்கோ அதுல புடிங்க. எல்லாத்துலயும் ஆள் நின்னா வரிசையில நில்லுங்க. இதுக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு இங்கிலீசு?"

டிரைவர்கள் சிரித்த சிரிப்பில் என் மூஞ்சி செத்துப்போனது.

பட்டனை அமுக்கியதும், சேனல் கிடைத்ததற்கான பீப் வருவதற்கு முன்பே, சிலர் அவசரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். "பீப் கேட்ட பொறகு வாயத் தொறங்க. அதுக்கு முன்னால பேசினா மலைக்குத்தான் கேக்கும்" என்பார். பெரிய மேனேஜருக்கும் இதே வசனம்தான். அவர் மட்டும் "சரிங்க டீச்சர்" என்பார்.

பிறகு தேயிலை விலை சரிந்தது. செலவைக் குறைக்க இரண்டு சேனல்களை நிறுத்தினார்கள். மிஞ்சிய மூன்றில் ஒன்று, யார் பட்டனை அமுக்குகிறார்கள் என்று கம்ப்யூட்டர் கவனிப்பதற்கே போய்விடும். பேச இருந்தது இரண்டுதான். காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று மேனேஜர்கள் சத்தம் போட்டார்கள். அவர்களை முன்னுரிமையில் மேலே ஏற்றினேன். யாரையாவது கீழே இறக்க வேண்டுமே, டிஸ்பென்சரியை இறக்கினேன். எப்போதாவதுதானே பேசுகிறார்கள் என்று நினைத்தேன். அவசரத்துக்கென்று இருக்கிற குழுவை அடியில் போடக் கூடாது என்பது இந்த வேலையின் பாலபாடம்.

ஒரு காலை நடுவட்டம் பக்கம், போன் எடுக்காத சரிவில், இலை ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்தது. கொழுந்தெடுக்கும் முத்தம்மாவின் கால் அடியில் சிக்கியது. டிஸ்பென்சரி வேனிலிருந்து பாலன் ஆம்புலன்ஸ் கேட்டுப் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தான். மேனேஜர்கள் இரண்டு சேனல்களிலும் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆம்புலன்ஸ் போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில் பாலன், "அரை மணி நேரம் கூப்பிட்டேனுங்க, பதிலே இல்லீங்க" என்றான். வரிசையில் நிற்கும் அழைப்பு ஆபரேட்டரின் காதுக்கு வரவே வராது. எந்த அழைப்பு எவ்வளவு நேரம் நின்றது என்று கம்ப்யூட்டர் அச்சடித்த தாள் என் பையில் இருந்தது. வாரம் இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. "ஆபரேட்டர் கவனிக்கலை போலிருக்குங்க" என்றேன்.

அக்காவை ஃபேக்டரியில் தூள் சலிக்க அனுப்பினார்கள். சில மாதம் கழித்து குன்னூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குப் பாலன் கூப்பிட்டது வரிசையில நின்னுச்சா தம்பி? மெசினு எழுதி வச்சிருக்குமே?"

"பார்த்தேன்க்கா. எதுவும் நிக்கலை."

"அப்ப நாந்தான் கேக்காம விட்டுட்டேன்" என்றார். அதை அவர் நம்பிவிட்டார். சாகும்வரை ஞாயிறுதோறும் நடுவட்டத்துக்குப் போய் முத்தம்மாவின் துணிகளைத் துவைத்துப் போட்டு வந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முத்தம்மா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"அந்தக்கா வர்றப்பல்லாம் மன்னிப்புக் கேக்கும். அது சாகறதுக்கு முந்தின வாரந்தாங்க 'சரி, மன்னிச்சிட்டேன்'னு சொன்னேன். அத்தனை வருசம் சொல்லாம இருந்தேன். இப்ப நான் யாருகிட்டப் போய் மன்னிப்புக் கேக்கறது?"

அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான்.