கணுக்காலில் விழுந்த குழி

இன்று காலை மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. முகம் இல்லை, கால்கள் மட்டும்!

அவளும் நர்ஸ்தான். இப்போது ஏழு மாதம். "ஷூ சேரலம்மா. டபுள் டியூட்டி, நின்னுக்கிட்டே இருக்கேன்ல, அதான்" என்று எழுதியிருந்தாள்.

அந்த 'அதான்' எனக்கு நன்றாகவே தெரியும். எண்பதுகளில் ஏற்காட்டில் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரி. நான் ஒருத்திதான் நர்ஸ். வயிற்றில் இவள். லீவு கேட்டால், காப்பிப் பழம் பறிக்கிற சீசன் முடியட்டும் என்பார் எஸ்டேட் கணக்குப் பார்க்கிற ரைட்டர். (என் வயிற்றுக்குச் சீசன் தெரியுமா?)

புதன்கிழமை கர்ப்பிணிகளுக்குச் செக்கப். பழம் பறிக்கப் போகிற வழியில் கூடையோடு வருவார்கள். ஜன்னல் வழியே பனி உள்ளே வந்து எடை மெஷின்மேல் உட்காரும். நான் பாதித் தூக்கத்தில் மிதப்பது போல நடப்பேன். உண்மையைச் சொன்னால், அந்த மிதப்பு எனக்குப் பிடித்தும் இருந்தது.

வருகிறவர்களுக்கு ஒரே பாடம்தான். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், குழி விழுந்து அப்படியே நின்றால் ஓடி வாருங்கள். வரிசையில் நிற்கும்போதே ஒருத்தி காலை இன்னொருத்தி அழுத்திப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அன்று கிளியூர் ராசம்மாள் முறை. எடை பார்த்து இறங்கியவள், சட்டென்று குனிந்து என் காலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"ஏனுங்க சிஸ்டர், உங்களுக்குக் குழி உழுவுதுங்களே."

நின்றுகொண்டே இருக்கிறேன், அதனால்தான் என்றேன்.

"நாங்க அப்படிச் சொன்னா உடுவீங்களாங்க? மொதல்ல உக்காருங்க."

உட்கார்ந்தேன். என் கையில் நானே பிபி பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது; வயிற்றுப் பிள்ளைக்கும் எனக்கும் ஆபத்து. ஏற்கெனவே ஒரு பிள்ளையை வயிற்றிலேயே இழந்தவள் நான்.

விஷயம் தெரிந்து வந்த ரைட்டர், சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் கேட்டதும், அது பழ மூட்டை ஏற்றப் போகணுமே என்று இழுத்தார். ராசம்மாள் பறிக்கிற கூடையைக் கீழே வைத்தாள். வரிசையில் இருந்த மற்றவர்களும் வைத்தார்கள்.

"சிஸ்டர் சேலம் போவட்டுங்க. அப்பறம் நாங்க காட்டுக்குப் போறமுங்க."

பத்தே நிமிடத்தில் ஜீப் வந்தது!

கொண்டை ஊசி வளைவுகளில் பனிக்குள் இறங்கியதெல்லாம் இன்றும் கனவு போலத்தான் இருக்கிறது. ஜீப் முழுக்கக் காப்பிப் பழ வாசனை. வயிற்றுக்குள் இவள் உதைத்துக்கொண்டே வந்தாள். சேலத்தில் டாக்டரம்மா, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

இரண்டு வாரத்தில் இவள் பிறந்தாள். எடை கொஞ்சம் குறைவு, கத்தலில் குறைவே இல்லை.

மகளுக்கு உடனே பதில் போட்டேன். "பிபி பாரு. காலை அழுத்திப் பாரு."

"வயிறு இடிக்குது, குனிய முடியலம்மா."

"அப்ப பேஷண்ட்கிட்ட காலை நீட்டு!"

இதைப் படிக்கிறவர்கள் யாராவது இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்களா? எதிரே நிற்கிற நர்ஸின் காலை ஒரு தரம் பாருங்களேன்.