அக்காள் பெயரில் ஓடும் கணக்கு

உத்திரமேரூர் ஏரிக்கரைக்குக் கீழே, ஊர் முடிகிற இடத்தில் பத்துப் பதினைந்து வீடுகள். அங்கே போய் மீன் விற்கிற கனகா வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். சொக்கம்மாள் வீடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். சொக்கம்மாள் கனகாவின் அக்காள். மஞ்சள் காமாலையில் செத்து ஆறு வருஷம் ஆகிறது.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே மகளிர் குழுத் தலைவி கீதா, கனகாவை வேலியோரம் கூட்டிப் போனாள். குழுக் கடனில் சொக்கம்மாளின் பங்கு பாதியில் நின்றது. ஓர் ஆள் குறைந்தால் கடன் கொடுத்த கம்பெனிக்காரன் குழுவையே கலைத்துவிடுவான் என்று பெண்களுக்கு உதறல்.

"நீ அச்சு அசலா அவ மாதிரியே கீற. அவ எடத்துல வந்து குந்து. பேரு கூப்ட்டா கீறேன்னு சொல்லு. அவ்ளோதான்டி" என்றாள் கீதா.

கடன் வாங்கியவர் செத்தால் பாக்கியை இன்சூரன்ஸ் கட்டிவிடும், குழுவும் கலையாது. கம்பெனி விதியே அதுதான். இவர்கள் கேட்கவில்லை, அவர்களும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அக்காளோடு மண்ணுக்குள் போயிருக்க வேண்டிய கடனை இந்த அப்பாவிகள் இழுத்து வெளியே உட்கார வைத்தார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

கனகா அக்காள் சேலையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். மீன் செதில் உரசி உரசி அவள் விரலில் ரேகையே கிடையாது. மிஷினில் வைத்தால் அது யாரையும் காட்டாது. வசூலுக்கு வருகிறவர் சலித்துக்கொண்டு செல்லுக்கு நம்பர் அனுப்புவார். அக்காளின் செல் கனகாவின் இடுப்பில்தான் இருந்தது. நம்பரைச் சொன்னால் அவள் சொக்கம்மாள். ஒரு கடன் முடிந்தது, அதே பெயரில் அடுத்தது வந்தது. மீன் விற்ற காசில் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினாள்.

ஒருநாள் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. ஓட்டமாக ஓடி வந்து வாசலில் செருப்பை விடும்போது உள்ளே "சொக்கம்மாள்" என்று கூப்பிடுவது கேட்டது. இவள் வாயைத் திறப்பதற்குள், "கீறேன்" என்று உள்ளேயிருந்து அக்காளுடையது போல ஒரு குரல் வந்தது. கரகரத்த குரல். கனகா உள்ளே போய்ப் பார்த்தாள். அவள் வழக்கமாக உட்காரும் இடம் காலியாக இருந்தது.

"யாருக்கா எனக்குப் பதிலு சொன்னது?" என்று கீதாவிடம் கேட்டாள்.

"நீதான்டி சொன்ன" என்றாள் கீதா. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அன்றைக்கு அந்த இடத்தில் உட்காரக் கனகாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. உட்கார்ந்தாள், வேறு வழி?

அதற்குப் பிறகு சந்தையில் யாராவது "சொக்கம்மா" என்றால் கழுத்து தானாகத் திரும்பியது. "கனகா" என்று கூப்பிட்டால், இரண்டாம் முறை கூப்பிட வேண்டியிருந்தது. அது அவளைப் பயமுறுத்தியது.

அந்தப் பயத்தில்தான் வண்டி ஆசையே வந்தது. ஒரு மொபெட் இருந்தால் மீனை வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டாம். மாகறல், புள்ளலூர் வரை போய்த் துடிக்கத் துடிக்க விற்கலாம். முக்கியமாக, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் கனகா என்று இருக்கும். தன் பெயரில் ஒரு சாமானாவது இந்த உலகத்தில் ஓட வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள்.

உன் பெயரில் கடன் வாங்கிக் கட்டினால்தான் கடன் கொடுக்கிறவர்கள் பார்க்கிற ஸ்கோர் வரும் என்று செல் கடையில் சொன்னார்கள். சரியென்று தவணையில் ஒரு செல், ஒரு மிக்சி, கம்மலை வைத்து ஒரு நகைக்கடன். எல்லாம் அடுத்தடுத்து. ஒழுங்காகக் கட்டிவிட்டு, ஆடி முடிந்ததும் வண்டிக் கடன் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். அங்கே தினகரன் என்கிற பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"கட்டறதெல்லாம் கரெக்டா கட்டிக்கினு கீறீங்கக்கா. ஆனா மூணு கணக்கும் இந்தத் தைக்கு அப்பறம் தொறந்தது. கணக்குக்கு வயசு ஆவணும். புதுசு புதுசா சேத்தா சராசரி வயசு எறங்கிடும், ஸ்கோரும் எறங்கிடும். இனிமே எதையும் புதுசா வாங்காதீங்க. ரெண்டு வருசம் கட்டிக்கினே இருங்க, தானா ஏறும்."

"ரெண்டு வருசமா?"

"இல்லாட்டி வூட்டுல பழைய கணக்கு வச்சிருக்கறவங்க யாருனா கீறாங்களா?"

"அக்கா…" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அக்காளின் செல் நம்பரைக் கேட்டான், சொன்னாள். அவன் தட்டியதும் கனகாவின் இடுப்பில் செல் அதிர்ந்தது.

"அவங்க செல்லு உங்ககிட்டயா கீது? சரி, வந்த நம்பரைச் சொல்லுங்க." சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது. "இன்னாக்கா இது! பத்து வருசக் கணக்கு, ஒரு தவணகூட நிக்கல. எங்க மேனேஜருக்கே இந்த ஸ்கோர் வராது. அவங்க பேர்ல எடுத்துக்குங்க, உடனே கெடைக்கும்."

கனகா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அந்தப் பத்தில் ஆறு வருஷம் அவள் வெயிலில் நின்று கட்டியது. அத்தனையும் அக்காளுக்கு வயசாகச் சேர்ந்திருக்கிறது. மண்ணுக்குள் இருப்பவள் வளர்ந்துகொண்டே போகிறாள், தெருவில் நடப்பவள் தையில் பிறந்த கைக்குழந்தை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள்.

மறுநாள் உச்சி வெயிலில், ஏரி மதகருகே அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது அக்காளின் செல் அடித்தது. தலைமை ஆபீசிலிருந்து ஒரு பெண்.

"சொக்கம்மாளா பேசறது?"

சுற்றுமுற்றும் ஒரு ஈ காக்கை இல்லை. "ஆமா" என்றாள். வந்தது அவள் குரல் இல்லை. கரகரத்த குரல். கையிலிருந்த கத்தி நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"உங்க பேர்ல வண்டிக் கடன் ரெடிங்க. வாங்கிக்கறீங்களா?"

வியாபாரியின் தராசும் மாகறல் ரோடும் ஒன்றாகக் கண்முன் வந்தன. இன்னும் இரண்டு வருஷம் கூடையைச் சுமக்கக் கழுத்தில் தெம்பில்லை.

"வாங்கிக்கறேன்."

"அதே வண்டிக்கு உங்க தங்கச்சி கனகாவும் எழுதிக் குடுத்திருக்காங்க. அதை ரத்து பண்ண ஒரு காரணம் போடணும். வேண்டாம்னுட்டாங்க, ஊர்ல இல்ல, இறந்துட்டாங்க. இதுல எதைப் போடட்டும்?"

முதல் காரணத்தைச் சொல்லத்தான் கனகா நினைத்தாள். சத்தியமாக அதைத்தான் நினைத்தாள்.

"செத்துட்டா" என்றது அந்தக் குரல்.

"அடடா. சரிங்கம்மா, போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை வந்து வண்டி எடுத்துக்கோங்க."

செல் அணைந்தது. கனகா தன் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு மதகின்மேல் உட்கார்ந்து, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, இழவு வீட்டில் அழுவதுபோல மாரில் அடித்துக்கொண்டு தனக்காக அழுதாள்.