ராகு காலத்தில் கூட்டிய படம்

படம் கூட்டுகிற விளையாட்டில் எங்கள் தெருவில் என்னை ஜெயித்தவர் கிடையாது. தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். கல்லங்குறிச்சிக்குப் போகிற வழியில் இருந்தது எங்கள் ஊர். ஏர் ஓட்டினால் மண்ணோடு கல்நத்தை புரண்டு வரும். நத்தை மாதிரியே சுருண்டிருக்கும், ஆனால் கல். அது எப்படி அங்கே வந்தது என்று நாங்கள் யோசித்ததே இல்லை. விளையாடக் கிடைத்ததே, அது போதும். அந்தக் கல்நத்தை, புளியங்கொட்டை, எரிந்த தீக்குச்சி, உடைந்த வளையல், அறுந்த சட்டைப் பித்தான், எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன்.

விளையாட்டு இதுதான். இரண்டு கட்சி. நடுவில் ஒரு முறம். ஒரு கட்சியில் ஒருவர் மனசுக்குள் ஏதாவது ஒரு பொருளை நினைத்துக்கொண்டு, டின்னிலிருந்து மூன்று சாமான் எடுத்து முறத்தில் வைக்க வேண்டும். எதிர்க்கட்சி அது என்னவென்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் இன்னும் ஒரு சாமான் கூடும். அப்படியே படம் வளரும். கண்டுபிடித்தால் சொன்னவர் கட்சிக்கு ஒரு பழம், அதாவது ஒரு வெற்றி; பத்து சாமான் வைத்தும் கண்டுபிடிக்காவிட்டால் கூட்டினவர் கட்சிக்கு. கூட்டுகிறவர் வாயைத் திறக்கக் கூடாது, தலையாட்டவும் கூடாது. சொல்கிறவர்கள் முறை வைத்துச் சொல்ல வேண்டும்; பத்து எண்ணுவதற்குள் சொல்லாவிட்டால் முறை போச்சு.

இதெல்லாம் எல்லோரும் விளையாடுகிற விதி. நானாகச் சேர்த்த விதி ஒன்று உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டிப் பார்க்கக் கூடாது. என் சித்தப்பா மகன் முறத்துக்குள் மூக்கை விட்டுப் பார்த்து இரண்டு தடவை என்னை ஜெயித்துவிட்டான். அந்த ஆத்திரத்தில் போட்ட விதி அது. அது என் அக்காவின் தலையில் வந்து விடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் கடைசி. அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு வீட்டில் இருந்தாள். பத்தாவதிலேயே கண்ணாடி போட்டுவிட்டாள். அது இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று அவளுக்குத் தெரியாது. முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, காபியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துவிடுவாள். சமையற்கட்டிலிருந்து கூடத்துப் பாய் வரைக்கும் காலடி எண்ணினால் ஏழு எட்டு. எண்ணிக்கொண்டே வந்து, ஏழாவது எட்டில் குனிந்து தட்டை நீட்ட வேண்டும். காலையிலிருந்து அக்காவை அதற்குப் பழக்கினாள். அக்கா நடந்து நடந்து காட்டினாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடம் பக்கத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, மாமா, என்னைவிட ஒரு வயசு பெரிய தங்கை. மாப்பிள்ளைக்கு சிமெண்ட் ஆலை ஆபீஸில் வேலை. ஜாதகம் ஏற்கெனவே பார்த்தாயிற்று, பத்துக்கு எட்டுப் பொருத்தம். அக்கா ஏழு எட்டு நடந்தாள், சிந்தாமல் காபி கொடுத்தாள், கும்பிட்டாள். எல்லாம் கச்சிதம். நல்ல சேதி சொல்லுவார்கள் என்று பார்த்தால், அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அடடா, நாலரை ஆயிட்டே. ராகு காலத்துல வாயத் தொறந்து எதுவும் சொல்லக் கூடாது. ஆறு மணிக்கு மேல சொல்லிட்டுக் கெளம்புறோம்."

ஒன்றரை மணி நேரம். அப்பா மழையைப் பற்றிப் பேசினார். மாமா முந்திரி விளைச்சலைப் பற்றிப் பேசினார். பேச்சு தீர்ந்துபோய் எல்லோரும் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தபோதுதான் என் புத்தி வேலை செய்தது. பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தேன். அம்மா ஓடிவந்து வளையல் துண்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு, "நல்ல காரியம் நடக்குற வூட்ல ஒடஞ்ச வளவியா?" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். விளையாட்டைத் தடுக்க அவளுக்கும் தோன்றவில்லை. நானும் அக்காவும் ஒரு கட்சி, அந்தத் தங்கையும் மாமாவும் ஒரு கட்சி. விதிகளை நானே சத்தமாகச் சொன்னேன். எட்டிப் பார்க்கக் கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

மாப்பிள்ளையின் தங்கை முதலில் கூட்டியது வீடு. குருடன்கூடச் சொல்லிவிடுவான், அவ்வளவு சுலபம். அக்காவின் முறை. அவள் முறம் இருக்கிற திசையைப் பார்த்து, "பூனை" என்றாள்.

அந்தப் பெண் களுக்கென்று சிரித்தாள். நான் அக்காவை முறைத்தேன். விளையாடத் தெரியாத ஜென்மம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு, "வீடு" என்று சொல்லிப் பழத்தை வாங்கினேன். அடுத்தது தென்னை மரம். அக்கா, "படகா?" என்றாள். அந்த அம்மா தன் தம்பியின் பக்கம் சாய்ந்து, "பொண்ணுக்குப் புத்தி கொஞ்சம் மந்தமோ?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. அக்காவின் காதிலும் விழுந்திருக்கும். அவள் கழுத்து சிவந்துபோனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரிசிப் பானை! அட சண்டாளி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கண் தெரியவில்லை என்று சொன்னால் கண்ணாடிக் கதை வெளியே வரும். சொல்லாவிட்டால் என் அக்கா மண்டு. கடிகாரத்தில் ஐந்தேகால்கூட ஆகவில்லை. வாசலில் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அதுவரைக்கும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, "நான் ஒரு தடவ கூட்டட்டுமா?" என்று பாயை விட்டு எழுந்து வந்தார். டின்னைக் கிளறி வட்டமான கல்நத்தை இரண்டு எடுத்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நடுவில் ஒரு தீக்குச்சி.

என் முறை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. சைக்கிள் என்று சொல்லியிருக்கலாம். தராசு என்று சொல்லியிருக்கலாம். எந்த விளையாட்டிலும் தோற்கப் பிடிக்காத எனக்கு, தெரிந்துகொண்டே தப்பாகச் சொல்ல நாக்கு வரவில்லை. சரியாகச் சொல்லவும் வரவில்லை. அந்தப் பெண் பத்து எண்ணி முடித்தாள். என் முறை போனது.

அவர் இன்னும் இரண்டு குச்சி எடுத்து இரண்டு பக்கமும் காது மாதிரி வைத்தார். அப்புறம் முறத்தை இரண்டு கையாலும் அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய் அக்காவின் முழங்காலுக்கு முன்னால் வைத்தார். ஆள்தான் எட்டிப் பார்க்கக் கூடாது, முறம் பக்கத்தில் வரக் கூடாது என்று நான் விதி போட்டிருக்கவில்லை. அக்கா குனிந்தாள். மூக்கு கல்லில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் மட்டும் உடையவில்லை.

"மூக்குக் கண்ணாடி" என்றாள்.

"சரியாச் சொல்லிட்டீங்க. மூக்குல ரெண்டு பக்கமும் தழும்பு இருக்குங்களே, வந்ததுமே பார்த்தேன். எங்க வச்சிருக்கீங்க?"

"அரிசிப் பானையில."

"போயிப் போட்டுக்கிட்டு வாங்க."

அக்கா எழுந்து போனாள். திரும்பி வந்தபோது எட்டுகளை எண்ணவில்லை; விறுவிறுவென்று வந்தாள். கண்ணாடி ஓரத்தில் தவிடு ஒட்டியிருந்தது. உட்கார்ந்ததும் அவரைத்தான் நேராகப் பார்த்தாள். அந்த அம்மா எங்கள் அம்மாவைப் பார்த்து, "இத மொதல்லயே சொல்லியிருந்தா என்னங்க? நாங்க என்ன கடிச்சா தின்னுடுவோம்?" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அந்தக் குரலில் இருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆறு மணி அடித்தது. "போயி லெட்டர் போடுறோம்" என்று கிளம்பினார்கள். பத்து நாள் கழித்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அப்பா அதைப் படிக்கவே இல்லை. நாலு மூலையையும் பார்த்தார். எந்த மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கவில்லை. ஜாதகம் ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்ததாம். பொருந்திய ஜாதகம் பத்து நாளில் எப்படிப் பொருந்தாமல் போகும்? கண்ணாடி பிடிக்கவில்லையா, நாங்கள் மறைத்தது பிடிக்கவில்லையா, அவரே வேண்டாமென்றாரா, இன்றுவரை தெரியாது. அம்மா அந்தப் பிஸ்கட் டின்னைக் குப்பைக் குழியில் வீசினாள். என்னோடு ஒரு மாசம் பேசவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த தை மாதம் பெரம்பலூரிலிருந்து வேறு ஒருவர் வந்தார். காலையில் அம்மா கையை நீட்டினாள். அக்கா, "கழட்ட மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். கண்ணாடியோடு காபி கொடுத்தாள், கண்ணாடியோடு மணையில் உட்கார்ந்தாள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம் பெரம்பலூரில் அவள் வீட்டில் இருந்தேன். அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் தரையில் புளியங்கொட்டையைப் பரப்பிப் படம் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து வருஷமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நான் அந்த மொறத்தத் தட்டி விட்டுருக்கணும்க்கா. எல்லாத்தையும் நான்தான் கெடுத்தேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மூக்கில் அந்த இரண்டு தழும்பும் அப்படியே இருந்தன.

"போடி பைத்தியக்காரி. நீ மட்டும் தட்டி விட்டுருந்தா, நான் இன்னும் அந்த அரிசிப் பானைக்குள்ளதான் கெடந்திருப்பேன்."